பல் மறுசீரமைப்பு
சொத்தையாலோ உடைப்பாலோ ஓரளவு சிதைந்து, நரம்பு உயிரோடிருக்கும் பல்லைப் பிடுங்காமல் காக்கும் சிகிச்சை. பல்லின் சுவர்கள் உறுதியாக நின்றால் பல்நிற காம்போசிட் அடைப்பு போதும்; சுமார் 2 மி.மீ. அடுக்குகளாக வைத்து, நீல ஒளியால் இறுக வைப்பர். இடையில் எச்சில் பட்டால் ஒட்டாது. வில்சனும் கென்டும் 1970களின் தொடக்கத்தில் அறிமுகப்படுத்திய கிளாஸ் அயனோமர் என்ற அடைப்புப் பொருள் ஃபுளோரைடைக் கசியவிடும், ஆனால் சீக்கிரம் தேயும். பாதரசம் கலந்த வெள்ளி அடைப்பு நீடித்து உழைக்கும். ஆனால் இந்தியா 2018இல் ஏற்புறுதி செய்த, பாதரசம் பற்றிய மினமாட்டா உடன்படிக்கை அதன் பயன்பாட்டைக் குறைக்கச் சொல்கிறது.

கடைவாய்ப்பல்லின் முகடுகள் மெலிந்திருந்தால் அச்செடுத்து லேபில் செய்யும், முகடுகளை மூடும் ஆன்லே; சிதைவு அதற்கும் மேலென்றால் பல்லை முழுதும் மூடும் கேப். இவற்றுக்குப் பெரும்பாலும் இரண்டு முறை போகவேண்டும். தேவதானம் போன்ற கிராமத்திலிருந்து ராஜபாளையத்துக்குப் பஸ் ஏறுபவருக்கு அதுவும் செலவுதான். அதற்காகச் சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது: விண்விண்ணென்று தெறித்த பல்வலி தானாக நின்றால் குணமென்று நம்புவோர் உண்டு. பல நேரங்களில் நரம்பு செத்திருக்கும், பிறகு வேர்சிகிச்சைதான்.