மூலமும் படியும்

மன்னார் என்றதும் முத்தும் பெருக்க மரமும் நினைவுக்கு வருதல் இயல்பு. அத்தீவின் கோட்டையில் முத்தினும் கவனமாகப் பேணப்பட்ட பொருள் ஒன்று இருந்தது. அது கணக்கேடு.

போர்த்துக்கீசர் 1560ஆம் ஆண்டில் மன்னாரைக் கைப்பற்றிக் கோட்டை அமைத்தனர். 1658இல் அது ஒல்லாந்தர் வசமாயிற்று. அதன்பின் மன்னார் யாழ்ப்பாணத்து ஆட்சிப் பிரிவில் அடங்கிற்று. யாழ்ப்பாணம் கொழும்புக்கும், கொழும்பு ஜாவாத் தீவிலிருந்த பத்தாவியாவுக்கும் ஒல்லாந்திலிருந்த கும்பனியின் பணிப்பாளருக்கும் கணக்குக் காட்ட வேண்டியிருந்தது. கடல்கள் பிரித்த இந்த அலுவலகங்கள் யாவும் ஒரே செய்தியை ஒரே வடிவில் வைத்திருத்தல் எங்ஙனம்?

இது வெறும் எழுத்தர் கவலையன்று. காணியும் உடையவர் பெயரும் இறையும் தோம்பில் பதியப்பட்டன. ஞானஸ்நானமும் திருமணமும் பள்ளித் தோம்பில் ஏறின. படியில் ஒரு பெயர் விடுபட்டால், ஒரு குடும்பத்தின் உரிமையே வழக்காகிவிடும்.

ஆகவே கும்பனியார் மூன்று வழிகளைக் கையாண்டனர். முக்கியமான கடிதங்களைப் பல படிகள் எடுத்து வெவ்வேறு கப்பல்களில் அனுப்பினர். ஒரு கப்பல் மூழ்கினும் மற்றொன்று கரை சேரும். அனுப்பிய தாள்களுக்கு ஒரு பட்டியலை உடன் வைத்தனர். வந்து சேர்ந்தவற்றை அதனோடு சரிபார்த்து, குறைந்தது எது என்று அறியலாம். படியை மூலத்தோடு ஒப்பிட்டபின், ஆணையிட்ட எழுத்தர் 'ஒத்துள்ளது' என்னும் பொருள்படும் சொல்லை எழுதி ஒப்பமிட்டார்.

ஆயினும் ஓர் இடர் எஞ்சியது. கப்பல் செல்ல மாதங்கள் ஆகும். அதற்குள் மூலம் மாறிவிடலாம். படி, அது எடுக்கப்பட்ட நாளின் உண்மையையே கூறும். நாள் அறியாத படி நம்பத்தகாதது.

இக்காலத்துக் கணினிகளுக்கும் இதே சிக்கல் உண்டு. 1996இல் ஆஸ்திரேலியாவில் அண்ட்ரூ டிரிட்ஜெலும் பால் மெக்கெராஸும் அளித்த 'ஆர்சிங்க்' என்னும் முறை, கோப்பைத் துண்டு துண்டாகச் சுருக்க எண்களால் ஒப்பிட்டு, மாறிய பகுதிகளை மட்டும் அனுப்புகின்றது. எனினும் எது மூலம், எது படி என்பதைத் தவறாகக் குறித்தால், பழையது புதியதை அழித்துவிடும். இருபுறமும் ஒரே கோப்பு திருத்தப்பட்டிருப்பின், எந்தத் திருத்தம் நிற்க வேண்டும் என்பதை மனிதரே தீர்மானித்தல் நன்று. முதலில் ஒத்திகை பார்த்தலும், தனியே ஒரு சேமிப்புப் படியை வைத்தலும் அறிவுடைமை.

மன்னாரை 1795இல் பிரித்தானியர் கைக்கொண்டனர். கும்பனியும் 1799இல் முடிவுற்றது. அதன் ஏடுகளோ கொழும்பு, சென்னை, ஜகார்த்தா, கேப் டவுன், ஹேக் ஆகிய நகரங்களில் ஏறக்குறைய 25 மில்லியன் பக்கங்களாக எஞ்சியுள்ளன. 2003இல் யுனெஸ்கோ அவற்றை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. ஓரிடத்தில் கரையான் அரித்த செய்தியை மற்றோரிடத்தில் தேட இன்றும் வழி உண்டு. படியெடுத்தோர் பலர், ஒப்பிட்டுப் பார்த்தோர் சிலர். அந்தச் சிலரின் உழைப்பே அப்பலரின் எழுத்துக்கு மதிப்பளித்தது.