விண்வெளிக் காந்தப்புலம்: ஒளியும் கொந்தளிப்பும் கூறும் சாட்சியம்

விண்மீன்களுக்கு இடையிலான வெளியில் மெல்லிய காந்தப்புலம் ஒன்று பரவியுள்ளது. அதன் வலிமை பூமியின் காந்தப்புலத்தில் பல்லாயிரத்தில் ஒரு பங்கே. ஆயினும், வாயு மேகங்கள் தம் ஈர்ப்பினால் சுருங்கிப் புதிய விண்மீன்களாக மாறுவதைத் தாமதப்படுத்தும் ஆற்றல் அதற்கு உண்டு.

கருவிகளை அனுப்பி அளக்க முடியாத தொலைவில் உள்ள இக்காந்தப்புலத்தை அறிய, ஒளியின் தளவிளைவையே வானியலாளர்கள் பெரிதும் நம்பியுள்ளனர்.

தூசு தரும் தடயம்

ஒளி அலைகள் பொதுவாகப் பல திசைகளில் அதிர்கின்றன. ஒரு திசை அதிர்வு மேலோங்கினால், அந்த ஒளி தளவிளைவுற்றதாகக் கருதப்படுகிறது.

விண்வெளியின் நீள்வடிவத் தூசுத் துகள்கள், காந்தப்புலத்துக்குக் குறுக்காகத் தமது நீள அச்சு அமையும் வகையில் சுழல்கின்றன. அவற்றைக் கடக்கும் விண்மீன் ஒளியில், அந்த அச்சின் திசையிலான அதிர்வுகள் கூடுதலாக உறிஞ்சப்படுகின்றன. எஞ்சிய ஒளி காந்தப்புலத்தின் திசையைக் காட்டிக்கொடுக்கிறது.

இது தற்செயலாகக் கண்டறியப்பட்ட ஒன்று. வெப்பம் மிகுந்த விண்மீன்களின் விளிம்பொளி தளவிளைவுற்றிருக்கும் என்று 1946இல் கணித்தவர், தமிழ்க் குடும்பத்தில் பிறந்து சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற சுப்பிரமணியன் சந்திரசேகர். அதைத் தேடிய அமெரிக்க வானியலாளர்களான ஹில்ட்னரும் ஹாலும் 1949இல் கண்டறிந்ததோ, இடைவெளித் தூசு ஏற்படுத்தும் தளவிளைவை.

கொந்தளிப்பே அளவுகோல்

திசை தெரிந்தது, வலிமையை அறிவது எப்படி? இக்கேள்விக்குச் சந்திரசேகரும் என்ரிக்கோ ஃபெர்மியும் 1953இல் ஒரு வழி கண்டனர்.

இறுக்கிக் கட்டிய கயிறு காற்றில் அதிகம் அசைவதில்லை. தளர்ந்த கயிறு அலைபாயும். அதுபோலவே, வாயுவின் கொந்தளிப்பு வலுவான காந்தப்புலத்தைச் சிறிதளவே வளைக்கும். எனவே வாயுவின் அடர்த்தி, கொந்தளிப்பின் வேகம், தளவிளைவுத் திசைகளின் சிதறல் ஆகிய மூன்றும் தெரிந்தால் வலிமையைக் கணக்கிடலாம். நமது விண்மீன் மண்டலத்தின் சுருள் கரத்துக்கு அவர்கள் பெற்ற விடை, சுமார் 7 மைக்ரோகாஸ். அண்மைக்கால அளவீடுகளும் இதற்கு நெருக்கமாகவே உள்ளன.

இம்முறைக்கு வரம்புகளும் உண்டு. ஒரே பார்வைக் கோட்டில் பல சுழிப்புகள் அடுத்தடுத்து அமைந்தால், திசைச் சிதறல் ஒன்றையொன்று ஈடுசெய்து குறைவாகத் தோன்றும். காந்தப்புலம் உண்மையைவிட வலுவானதாகக் கணக்கிடப்படும்.

தென் துருவத்தின் பாடம்

தூசின் தாக்கத்தைக் குறைத்து மதிப்பிடுவதன் விலை 2014இல் வெளிப்பட்டது. பிரபஞ்சத் தோற்றத்தின்போது எழுந்த ஈர்ப்பு அலைகளின் தடயத்தைத் தளவிளைவில் கண்டதாக, தென் துருவத்தில் இயங்கிய பைசெப்-2 தொலைநோக்கிக் குழுவினர் அவ்வாண்டு மார்ச்சில் அறிவித்தனர். ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தின் பிளாங்க் செயற்கைக்கோள் தரவுகளுடன் 2015இல் நடந்த கூட்டாய்வு, அந்தச் சமிக்ஞையின் பெரும்பகுதி நமது விண்மீன் மண்டலத் தூசிலிருந்தே வந்திருக்கலாம் என்று காட்டியது.

அந்த ஈர்ப்பு அலைகளைத் தேடும் பணி தொடர்கிறது. விண்மீன் பிறப்பை ஆராய்வோருக்குச் சான்றாக இருக்கும் இதே தூசொளி, பிரபஞ்சத் தோற்றத்தை ஆராய்வோருக்கு முதலில் கழித்தாக வேண்டிய இடையூறாக உள்ளது. இரு தரப்பினருமே காந்தப்புலத்தையும் கொந்தளிப்பையும் துல்லியமாக அறிய வேண்டிய நிலையில் உள்ளனர்.