என்பிடெல்

என்பிடெல் (என்.பி.டி.இ.எல்) எனச் சுருக்கமாக அழைக்கப்படும் தொழில்நுட்பவழி மேம்பட்ட கற்றலுக்கான தேசியத் திட்டம், இந்தியாவிலுள்ள உயர்கல்வி ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் பொறியியல், அறிவியல் முதலிய துறைப் பாடங்களை நிகழ்படங்களாகவும் இணையப் பக்கங்களாகவும் கட்டணமின்றி வழங்கும் திட்டம் ஆகும். மும்பை, தில்லி, குவகாத்தி, கான்பூர், கரக்பூர், சென்னை, ரூர்க்கி ஆகிய ஏழு இந்திய தொழில்நுட்பக் கழகங்களும் (ஐ.ஐ.டி) பெங்களூரிலுள்ள இந்திய அறிவியல் கழகமும் இணைந்து 2003 ஆம் ஆண்டில் இதனைத் தொடங்கின. நடுவண் அரசின் மனிதவள மேம்பாட்டு அமைச்சகம் (2020 முதல் கல்வி அமைச்சகம்) இதற்கு நிதி வழங்கியது. திட்டத்தின் ஒருங்கிணைப்புப் பணி சென்னை ஐ.ஐ.டி.யில் நடைபெறுகிறது.

மாணவர்கள் தாமாகக் கற்பதற்கான இணையத்தளம் என்றே என்பிடெல் பரவலாக அறியப்படுகிறது. எனினும் கல்லூரி ஆசிரியர்களின் கற்பித்தலுக்குத் துணை நிற்பதும் தொடக்கத்திலிருந்தே இதன் நோக்கங்களுள் ஒன்றாக இருந்து வருகிறது.

பின்னணி

இந்தியாவில் உயர்கல்விக்குத் தொலைக்காட்சியைப் பயன்படுத்தும் முயற்சி என்பிடெல்லுக்கு முன்பே தொடங்கியது. பல்கலைக்கழக மானியக் குழு 1984 ஆகத்து 15 அன்று நாடு தழுவிய வகுப்பறை என்னும் தொலைக்காட்சி நிகழ்ச்சியைத் தொடங்கியது. இதற்கான நிகழ்ச்சிகளைத் தயாரிக்கப் பல்கலைக்கழகங்களில் ஊடக மையங்கள் நிறுவப்பட்டன. தமிழ்நாட்டில் அண்ணா பல்கலைக்கழகத்திலும் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்திலும் இத்தகைய மையங்கள் உள்ளன. இம்மையங்களை ஒருங்கிணைக்கக் கல்வித் தொடர்பியல் கூட்டமைப்பு 1993 இல் உருவாக்கப்பட்டது. இந்நிகழ்ச்சிகள் பொது அறிவை வளர்க்க உதவின. ஆனால் ஒரு பருவம் முழுவதற்குமான பாடத்திட்டத்தைத் தொடர்ச்சியாக நடத்துவது அவற்றின் நோக்கம் அன்று.

1990களில் தனியார் பொறியியல் கல்லூரிகளின் எண்ணிக்கை, குறிப்பாகத் தென்மாநிலங்களில், விரைவாகப் பெருகியது. கல்லூரிக் கட்டடங்கள் எழுந்த வேகத்தில் முதுநிலைப் பட்டமும் ஆய்வுப் பட்டமும் பெற்ற ஆசிரியர்கள் உருவாகவில்லை. பட்டம் பெற்று ஓரிரு ஆண்டுகளே ஆன இளைஞர்கள் பல பாடங்களை ஒரே நேரத்தில் கற்பிக்க நேர்ந்தது. ஐ.ஐ.டி.களில் அனுபவமிக்க பேராசிரியர்கள் இருந்தபோதிலும் அவர்களுடைய வகுப்புகளில் அமரும் வாய்ப்பு மிகச் சிலருக்கே கிடைத்தது. இந்த இடைவெளியைக் குறைப்பதற்கான வழியாகவே என்பிடெல் முன்வைக்கப்பட்டது.

வரலாறு

1999 இல் சென்னை ஐ.ஐ.டி.யில் தொழில்நுட்பவழிக் கற்றல் குறித்த பயிலரங்குகள் நடத்தப்பட்டன. அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகம் இதில் துணைநின்றது. அதனைத் தொடர்ந்து நடந்த கலந்துரையாடல்களின் பயனாக 2003 இல் திட்டம் தொடங்கியது. சென்னை ஐ.ஐ.டி.யின் இயக்குநராக அப்போது இருந்த எம். எஸ். ஆனந்த் திட்டத்தை முன்னின்று நடத்தினார். அதே நிறுவனத்தின் வேதியியல் பேராசிரியர் மங்கள சுந்தர் கிருஷ்ணன் இணையவழிப் பாடங்களை ஒருங்கிணைத்தவர்களுள் ஒருவர்.

முதற்கட்டத்திற்குச் சுமார் 20.5 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. குடிசார் பொறியியல், கணினி அறிவியல், மின் பொறியியல், மின்னணு மற்றும் தொடர்புப் பொறியியல், இயந்திரப் பொறியியல் ஆகிய ஐந்து துறைகளுக்கும் அடிப்படை அறிவியலுக்கும் பாடங்கள் உருவாக்கப்பட்டன. சுமார் 96 கோடி ரூபாய் மதிப்பிலான இரண்டாம் கட்டத்தில் மேலும் பல துறைகளும் முதுநிலைப் பாடங்களும் சேர்க்கப்பட்டன.

2001 இல் மாசாச்சுசெட்சு தொழில்நுட்பக் கழகம் தனது பாடக் குறிப்புகளை இணையத்தில் திறந்து வைக்கப் போவதாக அறிவித்தது. என்பிடெல்லும் அதே காலத்தைச் சேர்ந்த முயற்சியாயினும் இரண்டிற்கும் வேறுபாடு உண்டு. முன்னது தன் வகுப்பறைகளில் ஏற்கனவே நடப்பவற்றை வெளியிட்டது. என்பிடெல் பிற கல்லூரிகளின் தேவையைக் கருதிப் பாடங்களைப் புதிதாக உருவாக்கியது. இதற்காக அகில இந்திய தொழில்நுட்பக் கல்விக் குழுவின் மாதிரிப் பாடத்திட்டமும், பல கல்லூரிகளைத் தம்முடன் இணைத்துள்ள பெரிய பல்கலைக்கழகங்களின் பாடத்திட்டங்களும் கருத்தில் கொள்ளப்பட்டன.

பாடங்களின் அமைப்பு

தொடக்ககாலப் பாடங்கள் இரு வகைப்படும்.

நிகழ்படப் பாடம்: ஏறத்தாழ ஒரு மணி நேரம் நீளும் சுமார் 40 விரிவுரைகளைக் கொண்டது. பேராசிரியர் படப்பிடிப்புக் கூடத்தில் கரும்பலகையையோ படவில்லைகளையோ கொண்டு விளக்குவார்.

இணையப் பாடம்: எழுத்து, வரைபடம், அசைபடம், பயிற்சி வினாக்கள் ஆகியவற்றைக் கொண்ட பக்கங்களின் தொகுப்பு. குறைந்த வேக இணைய இணைப்பிலும் இதனைப் படிக்க இயலும்.

பெரும்பாலான கல்லூரிகளில் அப்போது இணைய வேகம் குறைவாக இருந்தது. ஆகவே நிகழ்படங்கள் வேறு வழிகளிலும் கொண்டு செல்லப்பட்டன. 2003 சனவரி 26 அன்று தொடங்கப்பட்ட ஏகலவ்யா என்னும் தொலைக்காட்சி அலைவரிசை ஐ.ஐ.டி. விரிவுரைகளை ஒளிபரப்பியது. குருவின் அருகில் இல்லாமலேயே வில்வித்தை கற்ற மகாபாரதப் பாத்திரத்தின் பெயரே இதற்குச் சூட்டப்பட்டது. கல்விக்கென்றே உருவாக்கப்பட்ட எடுசாட் செயற்கைக்கோள் 2004 செப்டம்பர் 20 அன்று சிறீகரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்டது. கல்லூரிகள் நிகழ்படங்களை வன்தட்டில் பெற்று, தம் வளாகத்திற்குள்ளேயே கணினி வலையமைப்பில் வைத்துக் கொள்ளும் முறையும் நடைமுறையில் இருந்தது. பின்னர் யூடியூப் வழியாகவும் விரிவுரைகள் வெளியாயின.

இணையவழிச் சான்றிதழ்

விரிவுரைகளைப் பலர் பார்த்தபோதும், முழுமையாகக் கற்றவர் யார் என்று அறிய வழி இல்லாதிருந்தது. 2012 இல் கோர்செரா போன்ற நிறுவனங்கள் இணையவழித் திறந்த பாடநெறிகளைத் தொடங்கின. என்பிடெல் தனது முதல் சான்றிதழ்ப் பாடநெறியை 2014 மார்ச்சு மாதத்தில் தொடங்கியது.

இப்பாடநெறிகள் 4, 8 அல்லது 12 வாரங்கள் நடைபெறும். ஒவ்வொரு வாரமும் விரிவுரைகளும் ஓர் ஒப்படைப்பும் வெளியிடப்படும். பாடநெறியில் சேர்ந்து கற்பது இலவசம். சான்றிதழ் வேண்டுவோர் மட்டும் கட்டணம் செலுத்தித் தேர்வு எழுதலாம். மதிப்பெண்ணில் 25 விழுக்காடு ஒப்படைப்புகளுக்கும் 75 விழுக்காடு தேர்வுக்கும் அளிக்கப்படுகிறது. ஒப்படைப்புகளை வீட்டிலிருந்தே செய்யலாம். தேர்வையோ மேற்பார்வையாளர் உள்ள மையத்திற்கு நேரில் சென்று எழுத வேண்டும். விடைகளைப் பிறரிடமிருந்து பெற்று அனுப்புவது எளிது என்பதால் தேர்வுக்குக் கூடுதல் மதிப்பு தருவது சான்றிதழின் நம்பகத்தன்மையைக் காக்கிறது.

நடுவண் அரசின் சுவயம் இணையத்தளம் 2017 சூலை 9 அன்று தொடங்கப்பட்டது. அதில் பொறியியல் பாடங்களுக்கான தேசிய ஒருங்கிணைப்பாளராக என்பிடெல் செயல்படுகிறது. சுவயம் பாடங்களில் பெறும் தகுதிப்புள்ளிகளைக் கல்லூரிப் பட்டப்படிப்பில் சேர்த்துக் கொள்ள 2016 இல் வெளியான விதிகள் வழிவகுத்தன. ஒரு பருவத்தில் 20 விழுக்காடு வரை என்றிருந்த இவ்வரம்பு 2021 இல் 40 விழுக்காடாக உயர்த்தப்பட்டது.

ஆசிரியர்களுக்கான துணை

பாடம் நடத்தும் பேராசிரியருக்கு

ஐ.ஐ.டி. பேராசிரியர் ஒருவர் பாடநெறி நடத்த முன்வரும்போது, படப்பிடிப்பு, ஒலிப்பதிவு, தொகுப்பு ஆகியவற்றைத் தொழில்நுட்பப் பணியாளர்கள் கவனித்துக் கொள்கின்றனர். ஒரு மணி நேர விரிவுரைகள் சிறு சிறு பகுதிகளாகப் பிரிக்கப்படுகின்றன. கேள்வி பதில் களத்தில் மாணவர் எழுப்பும் ஐயங்களுக்கு விடையளிக்க, பெரும்பாலும் ஆய்வு மாணவர்களாக இருக்கும் உதவியாளர்கள் அமர்த்தப்படுகின்றனர். கூகிள் நிறுவனம் வெளியிட்ட கட்டற்ற மென்பொருளான கோர்சு பில்டரை அடிப்படையாகக் கொண்டு இணையத்தளம் அமைக்கப்பட்டது. நிரலாக்கப் பாடங்களில் மாணவர் எழுதும் நிரலைக் கணினியே இயக்கிப் பார்த்து மதிப்பிடுகிறது. பல்லாயிரம் பேர் சேரும் வகுப்பில் இத்தகைய கருவிகள் இன்றி ஒப்படைப்புகளைத் திருத்த இயலாது.

கல்லூரி ஆசிரியருக்கு

திட்டத்தில் பங்கேற்கும் கல்லூரிகள் உள்ளூர்க் கிளைகளாகப் பதிவு செய்து கொள்கின்றன. ஒவ்வொரு கிளைக்கும் ஓர் ஆசிரியர் தொடர்பாளராக இருப்பார். தம் மாணவர்கள் சேர்ந்துள்ள பாடநெறிக்கு ஓர் ஆசிரியர் வழிகாட்டியாகப் பொறுப்பேற்று, அவர்கள் ஒப்படைப்புகளை உரிய காலத்தில் செய்கின்றனரா என்பதைக் கவனிக்கலாம். ஆசிரியர்களும் மாணவராகச் சேர்ந்து தேர்வு எழுதலாம். அவ்வாறு பெறும் சான்றிதழை ஆசிரியர் மேம்பாட்டுப் பயிற்சியாக அகில இந்திய தொழில்நுட்பக் கல்விக் குழு ஏற்கிறது. விடுப்பு எடுத்து வேறு ஊருக்குச் செல்லாமலேயே ஆசிரியர் தம் துறை அறிவைப் புதுப்பித்துக் கொள்ள இது வழி செய்கிறது.

நிகழ்படங்கள் படைப்பாக்கப் பொதும உரிமத்தின் கீழ் வெளியிடப்படுவதால், ஆசிரியர் தமக்கு வேண்டிய பகுதியை வகுப்பில் திரையிட்டு, இடையில் நிறுத்தி விளக்கம் தரலாம்.

மொழிச் சிக்கல்

என்பிடெல் விரிவுரைகள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே அமைந்துள்ளன. தமிழ்வழியில் பள்ளிக்கல்வி முடித்து வரும் மாணவருக்கு இது பெருந்தடையாகும். எடுத்துக்காட்டாக, மரக்காணம் பகுதியிலுள்ள எக்கியார்குப்பம் போன்ற ஒரு மீனவ ஊரிலிருந்து கல்லூரிக்கு வரும் தமிழ்வழி மாணவருக்கு, கைப்பேசியில் விரிவுரை கிடைத்துவிட்டாலும் அது புரிந்துவிடும் என்று கூற இயலாது. பாடப் பொருளோடு, வேகமாகப் பேசப்படும் ஆங்கிலத்தையும் அவர் கடக்க வேண்டியுள்ளது.

இதனைக் குறைக்க, விரிவுரைகள் முதலில் ஆங்கிலத்தில் எழுத்துவடிவம் பெற்றன. பின்னர் தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் அவற்றை மொழிபெயர்க்கும் பணி மேற்கொள்ளப்பட்டது. மொழிபெயர்ப்பு மென்பொருள்கள் இதில் பயன்படுகின்றன. எனினும் கலைச்சொற்களைத் துறை அறிந்தோர் சரிபார்க்க வேண்டியுள்ளது. அண்ணா பல்கலைக்கழகம் 2010 இல் குடிசார் பொறியியலையும் இயந்திரப் பொறியியலையும் தமிழ்வழியில் தொடங்கியது. இத்தகைய வகுப்புகளின் ஆசிரியர்களுக்குத் தமிழ்ப் பாடப்பொருள்கள் இன்றியமையாதவை.

தொடர்புடைய முயற்சிகள்

தகவல் தொடர்பு நுட்பவழிக் கல்விக்கான தேசிய இயக்கம் 2009 இல் தொடங்கப்பட்டது. அதன் உதவியுடன் மும்பை ஐ.ஐ.டி., ஒரே நேரத்தில் பல்லாயிரம் கல்லூரி ஆசிரியர்களுக்குத் தொலைவிலிருந்து பயிலரங்கு நடத்தும் திட்டத்தைச் செயற்படுத்தியது. இதற்குக் கோயம்புத்தூரைத் தலைமையிடமாகக் கொண்ட அமிர்தா பல்கலைக்கழகம் உருவாக்கிய ஏ-வியூ மென்பொருள் பயன்பட்டது. ஆசிரியர்கள் அருகிலுள்ள மையத்தில் கூடி, திரையில் விரிவுரையைக் கேட்டபின், அங்கேயே ஆய்வகப் பயிற்சியும் செய்தனர். கட்டற்ற மென்பொருள்களைக் கற்பிக்கும் பேச்சுவழிப் பாடங்கள் திட்டமும் மும்பை ஐ.ஐ.டி.யைச் சேர்ந்ததே. இதன் பாடங்கள் சுமார் பத்து நிமிடங்களே நீள்பவை. இவற்றுள் பல தமிழ்க் குரலிலும் கிடைக்கின்றன. சென்னை ஐ.ஐ.டி. 2020 இல் தொடங்கிய நிரலாக்கம், தரவு அறிவியல் இணையவழிப் பட்டப்படிப்பு என்பிடெல் அனுபவத்தின் மீது எழுந்ததாகும்.

குறைகளும் வரம்புகளும்

- பதிவு செய்யப்பட்ட விரிவுரை, கேட்பவர் முகத்தைப் பார்த்து வேகத்தை மாற்றிக் கொள்ள இயலாது.
- ஐ.ஐ.டி. மாணவரின் முன்னறிவை மனத்தில் கொண்டு நடத்தப்படும் பாடம் பிற கல்லூரி மாணவர்க்குக் கடினமாக இருக்கக்கூடும்.
- என்பிடெல் கால அட்டவணையும் பல்கலைக்கழகப் பருவத் தேர்வுகளும் ஒன்றோடொன்று மோதக்கூடும்.
- ஆய்வகப் பயிற்சியை நிகழ்படத்தால் முழுமையாக ஈடுசெய்ய இயலாது.
- தகுதிப்புள்ளிகளை இணையத்திலிருந்து பெற்றுக் கொள்ளலாம் என்ற நிலை, ஆசிரியர் பணியிடங்களை நிரப்பாமல் விடுவதற்குக் காரணமாகக் காட்டப்படலாம்.

இவற்றுள் கடைசியாகக் கூறப்பட்டது திட்டத்தின் அடிப்படை நோக்கத்தோடு தொடர்புடையது. ஆசிரியர் பற்றாக்குறையால் தோன்றிய திட்டம் அப்பற்றாக்குறையை நிலைநிறுத்தும் கருவியாகிவிடக் கூடாது. விரிவுரையை நிறுத்தி விளக்கவும், கடினமான இடத்தைத் தமிழில் எடுத்துச் சொல்லவும், பின்தங்கும் மாணவரை அடையாளம் காணவும் வகுப்பறையில் ஓர் ஆசிரியர் தேவைப்படுகிறார். அவர் இருக்கும் கல்லூரியில் என்பிடெல் வலுவான துணையாகிறது. அவர் இல்லாத இடத்தில் அது திரையில் ஓடும் படமாக மட்டுமே நின்றுவிடக்கூடும்.

இவற்றையும் பார்க்க

- சுவயம்
- எடுசாட்
- தமிழ் இணையக் கல்விக்கழகம்
- தொலைநிலைக் கல்வி