அத்தை வராத சாவும் ஒரு மாணவி வராத கல்யாணமும்

இந்தப் பதிவு கொஞ்சம் நீளம். வகுப்பில் என் பாடம் மணி அடித்த பிறகும் முடியாது என்பது உங்களுக்குத் தெரிந்ததுதானே. பொறுத்துக்கொள்ளுங்கள்.

சென்ற ஞாயிறு மாலை நெமிலிச்சேரி ஸ்டேஷன் பக்கம் நடந்துவிட்டுத் திரும்பும்போது, என் பழைய மாணவி ஒருத்தியின் அப்பாவைப் பார்த்தேன். கையில் கல்யாணப் பத்திரிகைக் கட்டு. சின்ன மகளுக்குத் தை மாதம் முகூர்த்தம். எனக்கும் ஒன்று கொடுத்தார். "பெரியவள் எப்போது வருகிறாள்?" என்று சாதாரணமாகத்தான் கேட்டேன். மனிதர் முகம் சுருங்கிவிட்டது.

"வரலையாம் சார். லீவு இருக்காம், டிக்கெட்டுக்குப் பணம் இருக்காம். ஆனா வர முடியாதாம். கூடப் பிறந்தவ கல்யாணத்துக்கு வராத அக்கா எந்த ஊர்ல சார் இருக்கா? நான் அவகிட்ட பேசி பத்து நாளாச்சு."

அன்று இரவே அந்தப் பெண் டல்லாஸிலிருந்து எனக்குப் போன் செய்தாள். அம்மா சொல்லியிருக்கிறார் போல. முதல் ஐந்து நிமிடம் பேச்சே வரவில்லை, அழுகைதான். அவள் அனுமதியோடு, பெயர் சொல்லாமல், இதை எழுதுகிறேன். நம் தெருவில் இன்று பாதி வீட்டுப் பிள்ளைகள் வெளிநாட்டில். இன்னொரு வீட்டிலும் இதே கேள்வி வரும்.

அவள் நிலைமை இது. நிரந்தர வசிப்புரிமை, அதாவது கிரீன் கார்டுக்கான கடைசிக் கட்ட விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டாள். இந்தியாவில் பிறந்தவர்களுக்கு அந்த வரிசை மிக நீளம், விண்ணப்பம் ஆண்டுக்கணக்கில் அப்படியே நிற்கும். அப்படி நிற்கும்போது அமெரிக்காவை விட்டு வெளியே போக வேண்டுமானால், முன்கூட்டியே ஒரு அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். வாங்காமல் விமானம் ஏறினால், விண்ணப்பத்தை அவரே கைவிட்டார் என்று எடுத்துக்கொள்வார்கள். எச்-1 போன்ற சில விசாக்களில் இருப்பவர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. இவளிடம் அந்த விசா இல்லை. பழைய கம்பெனி ஆட்குறைப்பு செய்தபோது, விண்ணப்பத்தோடு கிடைத்த வேலை அட்டையைக் காட்டி வேறு இடத்தில் சேர்ந்தாள். அனுமதிச் சீட்டுக்கு எழுதிப்போட்டு மாதங்கள் ஆகின்றன, இன்னும் வரவில்லை. அவசரம் என்றால் நேரில் போய்க் கேட்கும் வழியும் இருக்கிறது. ஆனால் கல்யாணத்துக்காக அதை நம்பி டிக்கெட் போட வேண்டாம் என்று வக்கீல் சொல்லிவிட்டார்.

அந்த அனுமதிச் சீட்டுக்கு அங்கே என்ன பெயர் தெரியுமா? 'அட்வான்ஸ் பரோல்'. நம் ஊரில் பரோல் என்றால் புழல் ஜெயிலில் இருப்பவர் தங்கை கல்யாணத்துக்கு மூன்று நாள் வெளியே வருவது. மென்பொருள் எழுதிச் சம்பாதித்து வரி கட்டும் பெண்ணுக்கும் அதே சொல்தான். சட்டத்தில் பொருள் வேறு என்று வாதிடுவார்கள். இருக்கட்டும்.

அவள் பேசி முடித்த பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை. நினைவில் வந்தது என் அத்தை.

என் அப்பாவின் அக்கா அவர். எங்கள் சொந்த ஊர் முசிறிப் பக்கம். அத்தையை இலங்கையில் ஹட்டனுக்கு அருகே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்தவருக்குக் கட்டிக் கொடுத்தார்கள். அந்தக் காலத்தில் அது தூர தேசம் இல்லை. 1914-இல் பாம்பன் பாலம் திறந்த பிறகு, எழும்பூரில் போட் மெயில் ஏறினால் தனுஷ்கோடி, அங்கிருந்து கப்பலில் ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் தலைமன்னார், மறுபடி ரயில். திருச்சியில் ஏறுகிறவருக்கு இன்னும் கிட்டம். கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா என்று மலையகத்து ஜனங்கள் வந்து போய்க்கொண்டுதான் இருந்தார்கள். தோட்டத் தொழிலாளர் என்றால் வழியில் மண்டபம் முகாமில் சில நாள் நிறுத்தி, நோய் நொடி பார்த்து அனுப்புவார்கள். அவ்வளவுதான்.

1948-இல் இலங்கை சுதந்திரம் பெற்றது. அதே ஆண்டு வந்த குடியுரிமைச் சட்டம், தகப்பன், இல்லையென்றால் பாட்டனும் பூட்டனும், இலங்கையில் பிறந்தார்கள் என்று காட்டச் சொன்னது. லயத்து வீட்டில் பிறந்தவருக்கு ஏது பிறப்புச் சான்றிதழ்? தேயிலையும் ரப்பரும் வளர்த்த லட்சக்கணக்கானவர்கள் ஒரே நாளில் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவர்கள் ஆனார்கள். காரணம் அரசியல். 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் சில இடங்களில் வென்றிருந்தது. வேறு பல தொகுதிகளிலும் தோட்டத்து ஓட்டு இடதுசாரிகளுக்குப் போனது. அந்த ஓட்டு இல்லாமல் போனால் யாருக்கு லாபம் என்று பத்தாம் வகுப்புப் பையனே சொல்லிவிடுவான்.

அடுத்த ஆண்டு, 1949-இல், 'இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் பிரஜாவுரிமைச் சட்டம்' வந்தது. விண்ணப்பித்துப் பெறலாம் என்றது. நிபந்தனைகளைத்தான் பார்க்க வேண்டும். 1946 ஜனவரி 1-க்கு முன் கல்யாணமானவர் ஏழு ஆண்டு, ஆகாதவர் பத்து ஆண்டு இடைவிடாமல் இலங்கையில் வசித்திருக்க வேண்டும். அதற்குப் பிறகும் விண்ணப்பிக்கும் நாள்வரை வசித்திருக்க வேண்டும். இடையே ஊருக்குப் போய் வரலாம், ஆனால் எந்தப் பயணமும் பன்னிரண்டு மாதத்தைத் தாண்டக் கூடாது. ஆண் மட்டும் இருந்தால் போதாது. கல்யாணமாகி ஓராண்டுக்குள் மனைவி அங்கே வந்துவிட்டிருக்க வேண்டும். பிள்ளை எங்கே பிறந்தாலும் முதல் பிறந்த நாளுக்குள் அங்கே வந்து, அதன்பின் அங்கேயே இருந்திருக்க வேண்டும்.

கடைசி நிபந்தனையை இன்னொரு முறை படியுங்கள். நம் வீட்டில் தலைப்பிரசவம் எங்கே? தாய்வீட்டில். ஏழாம் மாதம் வளைகாப்புப் போட்டு அழைத்து வந்தால், பிள்ளைக்குத் தலை நின்று, முடி இறக்கி, காது குத்தி, அதற்குப் பிறகுதான் கொண்டுபோய் விடுவார்கள். இந்த வழக்கம் தெரிந்து எழுதினார்களா, தெரியாமல் எழுதினார்களா என்று வகுப்பில் நான் கேட்டதுண்டு. தெரிந்துதான் என்று எப்போதும் சொல்பவன் ஒருவன் இருந்தான், இன்று அவனே வக்கீல்.

விண்ணப்பிக்க இரண்டு ஆண்டு கெடு, 1951 ஆகஸ்ட் 5 வரை. முதலில் விண்ணப்பிக்காதீர்கள் என்று காங்கிரஸ் சொன்னது, பிறகு மனம் மாறியது. கடைசி மாதங்களில் கூட்டம் கூட்டமாகப் போய் எழுதிப்போட்டார்கள். ஏறத்தாழ 2,37,000 விண்ணப்பங்கள், அவற்றில் 8 லட்சத்துக்கும் மேற்பட்ட மனிதர்கள். என் மாமாவுடையதும் அதில் ஒன்று. பிறகு காத்திருப்பு. 1954 ஜனவரியில் நேருவும் கொத்தலாவலவும் செய்த ஒப்பந்தத்தில் இரண்டு ஆண்டில் முடிப்பதாகப் பேச்சு. முடியவில்லை. 1960-களிலும் இழுத்தது.

அந்தக் காத்திருப்பில்தான் எங்கள் வீட்டுக் கதை வருகிறது. 1955 ஐப்பசியில் தாத்தா இறந்தார். எனக்கு மூன்று வயது, எதுவும் நினைவில்லை. ஹட்டனுக்குத் தந்தி போனது. அத்தை வரவில்லை. காரியத்துக்கும் வரவில்லை. ஒரு கடிதம் மட்டும் வந்தது. "விசாரணைக்கு எப்போது வேண்டுமானாலும் கூப்பிடுவார்கள், இந்தச் சமயத்தில் இந்தியாவுக்குப் போனால் இவர்கள் மனசு அங்கேதான் இருக்கிறது என்று எழுதிவிடுவார்கள், திரும்ப உள்ளே விடுவார்களோ என்னவோ" என்று மாமா எழுதியிருந்தார்.

சட்டத்தைப் பார்த்தால் விண்ணப்ப நாளுக்குப் பிந்திய பயணத்தால் அந்தக் கணக்கு கெடாது. அத்தை ஒரு மாதம் வந்து போயிருக்கலாமோ என்று இன்று புத்தகத்தை வைத்துக்கொண்டு நான் சொல்லலாம். ஆனால் அன்று மலையகத்தில் இருந்த பயம் வேறு. இந்தியாவுக்குப் பணம் அனுப்பினாயா, அங்கே நிலம் இருக்கிறதா, எத்தனை முறை போனாய் என்பதெல்லாம் கேள்வியானது. தெருவில் 'கள்ளத்தோணி' என்று கூப்பிட்ட காலம். வெளிநாட்டவர் நுழைவுக்கு 1949 நவம்பர் முதல் தனிச் சட்டமும் அமலில் இருந்தது. பிரஜாவுரிமை கையில் இல்லாதவன் கப்பல் ஏறினால் திரும்பி வர முடியுமா என்பது வீண் பயம் இல்லை.

அந்தப் பயம் அமெரிக்காவில் அதற்கும் முன்பே ஒருவருக்கு உண்மையானது. சே சான் பிங் என்ற சீனத் தொழிலாளி 1875 முதல் சான் பிரான்சிஸ்கோவில் இருந்தவர். திரும்பி வரும் உரிமைச் சீட்டை முறையாக வாங்கிக்கொண்டு 1887-இல் ஊருக்குப் போனார். அவர் திரும்பும் கப்பல் நடுக்கடலில் இருந்தபோது, 1888 அக்டோபர் 1-ஆம் தேதி, அந்தச் சீட்டெல்லாம் செல்லாது என்று சட்டம் போட்டுவிட்டார்கள். ஒரு வாரத்தில் துறைமுகம் வந்தவரை இறங்க விடவில்லை. உச்ச நீதிமன்றமும் 1889-இல் அரசு செய்தது சரி என்றது. அவரைப் போலச் சீட்டோடு ஊருக்குப் போயிருந்தவர்கள் ஏறத்தாழ 20,000 பேர்.

அத்தைக்கு வருகிறேன். பாட்டி அவரை மன்னிக்கவே இல்லை. "பெத்த அப்பன் முகத்துல முழிக்க வராதவ, எனக்கும் வர வேணாம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். வீட்டில் நல்லது கெட்டதுக்கு அத்தை பெயரைச் சொல்வதே நின்றுபோனது.

இத்தனைக்கும் அந்த விண்ணப்பம் 1958-இல் தள்ளுபடியானது. காரணம் தாத்தா சாவும் இல்லை, மாமாவின் சம்பளமும் இல்லை. 1948-இல் எங்கள் வீட்டில் பிறந்த மூத்த பையன். பிறந்ததிலிருந்து சீக்கு, பாட்டிதான் "புள்ள தேறட்டும்" என்று நிறுத்தி வைத்தார். பதினான்காம் மாதம்தான் தோட்டத்துக்குக் கொண்டுபோனார்கள். இரண்டு மாதம் தாமதம். ஏழாம் மாதமே வந்துவிட்டதால் அத்தையின் பயணமும் பன்னிரண்டு மாதத்தைத் தாண்டியிருந்தது. பேத்திக்குப் பேத்தி பார்த்த பிறகும் பாட்டிக்கு இந்த விவரம் தெரியாது. யாரும் சொல்லவில்லை.

அந்த 8 லட்சத்தில் பிரஜாவுரிமை கிடைத்தது சுமார் 1,34,000 பேருக்கு. மற்றவர்களை என்ன செய்வது என்று இரண்டு அரசுகளும் பேசின. 1964 அக்டோபர் 30-இல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம்: 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேரை இலங்கை ஏற்பது. மீதி ஒன்றரை லட்சத்தை 1974-இல் இந்திரா காந்தி காலத்தில் பாதிப்பாதியாகப் பிரித்தார்கள். ஒப்பந்தம் ஆகி இரண்டு மாதம் முடிவதற்குள், 1964 டிசம்பர் 22 இரவுப் புயலில் தனுஷ்கோடியே கடலுக்குள் போனது. பிறகு கப்பல் ராமேஸ்வரத்திலிருந்துதான்.

அந்தக் கப்பலில்தான் 1971-இல் அத்தை வந்தார், மண்டபம் முகாம் வழியாக, குடும்ப அட்டையோடு. எனக்குப் பத்தொன்பது வயது. அப்பாவோடு நானும் அழைக்கப் போயிருந்தேன். ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு தேயிலைப் பொட்டலம், நாலு பிள்ளைகள். ரயிலைக் 'கோச்சி' என்றார், எங்களுக்குச் சிரிப்பு வந்தது. ஊர் வந்து சேர்ந்ததும் வாசலில் நின்று, "அப்பா எந்த எடத்துல இருந்தாரு கடைசியா?" என்று கேட்டார். திண்ணையைக் காட்டினார்கள். பதினாறு வருஷம் கழித்து அங்கே உட்கார்ந்து அழுதார். பாட்டி உள்ளேயிருந்து வெளியே வரச் சாயங்காலம் ஆனது.

ஒரு சிறு செய்தி. நாடற்றவர் பிரச்சினையை முடிக்க இலங்கை 2003-இல் போட்ட சட்டத்திலும் 1964 முதல் அங்கேயே வசித்திருக்க வேண்டும் என்று இருந்தது. போரில் உயிர் தப்பி இந்தியாவுக்கு ஓடி வந்து முகாம்களில் இருந்தவர்களுக்காக 2009-இல் அதைத் திருத்தினார்கள். இங்கே வந்து தங்கியதே குறையாக நின்றிருக்கிறது, அதுவரை.

திங்கள்கிழமை காலை அந்த அப்பாவைத் தேடிப் போனேன். ரிங் ரோடு டீக்கடையில் உட்கார வைத்து, அத்தை கதையை மட்டும் சொன்னேன். சட்டம், பரோல் எதுவும் சொல்லவில்லை. டீ ஆறிப்போகும்வரை கேட்டார். பிறகு, "உங்க பாட்டிக்கு யாராவது அப்பவே எடுத்துச் சொல்லியிருக்கலாம் சார்" என்றார். நான் ஒன்றும் பேசவில்லை.

நேற்று போன் செய்தார். முகூர்த்தம் காலை ஆறிலிருந்து ஏழரை. டல்லாஸில் அது முதல் நாள் மாலை ஆறரை மணி, அவள் ஆபீஸ் முடிந்து வீட்டில் இருப்பாளாம். வீடியோ எடுப்பவரிடம் தாலி கட்டும்போது மறைக்காமல் நிற்கச் சொல்லியிருக்கிறார். நாத்தனார் முடிச்சுக்குப் பிறகு அக்கா செய்ய வேண்டிய சீர் ஒன்று இருக்கிறதாம். அதை யார் கையால் செய்வது என்று மகளிடமே கேட்கப் போகிறாராம்.

கல்யாணத்துக்கு வருகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். மண்டபத்தில் அந்தத் தாயிடம் போய், "பெரியவ வரலையா?" என்று கேட்காதீர்கள்.