ஆய்வேடுகளில் உறங்கும் நம் வரலாறு

ஒரேயொரு நபிமொழிக்காக ஒரு மாதப் பயணம் மேற்கொண்டவர் ஜாபிர் இப்னு அப்துல்லாஹ் (ரலி) அவர்கள். அந்த நபிமொழியை அண்ணல் நபி (ஸல்) அவர்களிடம் நேரில் செவியுற்ற அப்துல்லாஹ் இப்னு உனைஸ் (ரலி) அவர்கள் ஷாம் தேசத்தில் இருப்பதாகத் தகவல் கிடைத்தது. ஜாபிர் (ரலி) அவர்கள் ஓர் ஒட்டகத்தை விலைக்கு வாங்கி, சேணம் பூட்டி, ஒரு மாத காலம் பயணித்து, அவரது வாசலில் போய் நின்றார்கள், அதைக் கேட்டறிந்தார்கள். இத்தகைய பயணங்களின் செய்திகளை மட்டுமே திரட்டித் தனி நூல் ஒன்றை எழுதினார் ஹிஜ்ரி ஐந்தாம் நூற்றாண்டின் அறிஞர் கதீப் அல்பக்தாதி (ரஹ்).

அறிவைத் தேடிப் புறப்படுவதைக் கடமையாகக் கருதிய அந்தச் சமுதாயம், அறிவு எங்கே இருக்கிறது என்று பட்டியலிட்டு வைப்பதையும் ஒரு கலையாக வளர்த்தது. பக்தாதில் புத்தக வணிகம் செய்த இப்னு அந்நதீம், ஹிஜ்ரி 377-இல் தம் காலத்து நூல்களையும் ஆசிரியர்களையும் தொகுத்து ‘அல்ஃபிஹ்ரிஸ்த்’ என்னும் பட்டியல் நூலை இயற்றினார். அதில் இடம்பெற்ற நூல்களுள் பல இன்று உலகில் இல்லை. அவை இருந்தன என்பதையே அந்தப் பட்டியலால்தான் அறிகிறோம். பதினேழாம் நூற்றாண்டில் இஸ்தான்புல் நகரத்து ஹாஜி கலீஃபா ‘கஷ்ஃபுள் ளுனூன்’ என்னும் பெருநூலால் அதே பணியைத் தொடர்ந்தார்.

இந்த மரபின் வாரிசுகளாகிய நாம், நம் சொந்த ஊரின் வரலாற்றைப் பிள்ளைகள் கேட்டால் என்ன சொல்கிறோம்? “அரபு நாட்டிலிருந்து கப்பலில் வந்தார்கள்” என்ற ஒற்றை வரியோடு பெரும்பாலும் நிறுத்திக்கொள்கிறோம். எந்த நூற்றாண்டில், எந்தத் துறைமுகத்தில், என்ன வணிகத்திற்காக என்று அடுத்த கேள்வி எழுந்தால் மௌனமே பதிலாகிறது. ஆனால் அந்தக் கேள்விகளுக்கு விடை தேடி ஐந்தாண்டு, பத்தாண்டு உழைத்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களின் உழைப்பு பல்கலைக்கழக ஆய்வேடுகளாக உறங்கிக்கொண்டிருக்கிறது.

ஆய்வேட்டின் பழைய விதி இரக்கத்திற்குரியது. தட்டச்சு செய்யப்பட்ட சில படிகள் மட்டுமே உருவாகும். ஒன்று பல்கலைக்கழக நூலகத்திற்கும், ஒன்று துறைக்கும், ஒன்று நெறியாளருக்கும் போய்ச்சேரும். நூலாக அச்சேறினால் உலகம் அறியும். இல்லையேல் அலமாரியிலேயே முதுமை எய்தும். இந்நிலையை மாற்றும் முயற்சிகளுள் ஒன்றாக, 1938-ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஆன் ஆர்பர் நகரில் யூஜின் பவர் என்பவர் நுண்படச்சுருள் நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். ஆய்வேடுகளைப் படச்சுருளில் பதிந்து, கேட்டவர்க்குப் படியெடுத்து விற்கும் முறை அங்கிருந்து பரவியது. 1997-இல் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகம் ஆய்வேடுகளை மின்வடிவில் ஒப்படைப்பதைக் கட்டாயமாக்கியது. இந்தியாவில் பல்கலைக்கழக மானியக் குழு 2009-ஆம் ஆண்டு ஜூன் மாதம் வெளியிட்ட ஒழுங்குமுறை, முனைவர் பட்ட ஆய்வேடுகளின் மின்படிகளைப் பொதுக் களஞ்சியத்தில் சேர்க்க வழிசெய்தது. காந்திநகரில் உள்ள இன்ஃபிளிப்நெட் மையம் நடத்தும் ‘சோத்கங்கா’ அவ்வாறு வளர்ந்ததே. இன்று அதில் ஐந்து இலட்சத்திற்கும் மேற்பட்ட ஆய்வேடுகள் உள்ளன. கட்டணம் கிடையாது.

நம் வரலாற்றுக்கும் ஆய்வேடுகளுக்கும் உள்ள உறவு ஆழமானது. இலங்கையின் பாணந்துறையைச் சேர்ந்த எம்.எம். உவைஸ் அவர்கள், தமிழ் இலக்கியத்திற்கு முஸ்லிம்கள் ஆற்றிய பங்கினைக் குறித்து இலங்கைப் பல்கலைக்கழகத்தில் முதுகலைப் பட்டத்திற்கு ஆய்வு செய்தார். அது 1953-இல் நூலாக வெளிவந்தது. பின்னாளில் அவர் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் இஸ்லாமியத் தமிழ் இலக்கியத்திற்கென அமைந்த பேராசிரியர் பொறுப்பை ஏற்று, பீ.மு. அஜ்மல்கான் அவர்களுடன் இணைந்து பல தொகுதிகளாக இலக்கிய வரலாறு தந்தார். ஒரு மாணவரின் ஆய்வேட்டில் விழுந்த விதை ஒரு துறையாகவே தழைத்தது.

பிறரும் நம்மைத் தேடி வந்துள்ளனர். திருநெல்வேலி மாவட்டத்து முஸ்லிம், இந்து வணிகர்களின் தொழிலையும் உறவுமுறையையும் ஒப்பிட்டு, பிராங்க் ஃபான்செலோ 1986-இல் லண்டன் பொருளியல் கல்லூரியில் முனைவர் பட்ட ஆய்வேடு அளித்தார். சிங்கப்பூர் வாழ் தமிழ் முஸ்லிம்களின் சமய வாழ்வை ஆராய்ந்து, டோர்ஸ்டன் சாக்கர் 2006-இல் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார். 1572-இல் வண்ணப் பரிமளப் புலவர் இயற்றிய ‘ஆயிர மசலா’ நூலை, ஜாவா, மலாய் மொழிகளில் வழங்கும் அதே மசலா நூல்களோடு ஒப்பிட்டு, அதே 2006-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்தார் ரோனித் ரிச்சி. நம் வீட்டுப் பரணில் கிடக்கும் கிதாபு, ஆன் ஆர்பரில் ஆய்வுப் பொருளாயிற்று.

இவற்றைத் தேடுவோர் முதலில் எதிர்கொள்ளும் தடை பெயர்களே. ஆங்கில எழுத்தில் நம் பெயர்கள் ஒரே வடிவில் அமைவதில்லை. மரைக்காயர் என்ற ஒரு பெயரே மரக்காயர், மரைக்கார், மரிக்கார் எனப் பல வடிவங்களில் காணப்படும். லப்பை, லெப்பை, லெப்பே ஆகிய மூன்றையும் தனித்தனியே தேட வேண்டும். இலங்கை பற்றிய ஆய்வுகளில் நம்மவர் ‘மூர்’ எனவும், பினாங்கு, சிங்கப்பூர் பற்றியவற்றில் ‘சூலியா’ எனவும் குறிக்கப்படுவர். அரபுத்தமிழ் என்று தேடிக் கிடைக்காதது ‘அர்வி’ என்று தேடும்போது கிடைக்கும். ஊரின் பெயரோடு, பழைய மாவட்டத்தின் பெயரையும் கொடுத்துப் பார்க்க வேண்டும். இராமநாதபுரம் என்று தேடுவோர் ‘ராம்நாட்’ என்ற பழைய வடிவத்தையும் மறக்கலாகாது. பழைய ஏடுகள் பல படமாகவே பதியப்பட்டிருப்பதால், உள்ளே இருக்கும் சொல் தேடலில் அகப்படாமல் போகும். ஆகவே தலைப்பு, துறை, பல்கலைக்கழகம், நெறியாளர் பெயர் ஆகிய வழிகளிலும் நுழைந்து பார்ப்பது நலம்.

சோத்கங்காவில் ஆய்வேடு இயல் இயலாகப் பிரிக்கப்பட்டிருக்கும். முதல் இயலைத் திறக்கும் முன் இறுதியில் உள்ள துணைநூற்பட்டியலைத் திறவுங்கள். வக்ஃபு ஆவணங்கள், ஆங்கிலேயர் காலத்து அரசாணைகள், மாவட்டக் கையேடுகள், அச்சில் இல்லாத மாலைகள், கிஸ்ஸாக்கள் எனப் பத்து வழிகளை அந்தப் பக்கங்கள் காட்டும். பின்னிணைப்பில் நேர்காணல் அளித்தோர் பட்டியல் இருக்கக்கூடும். உங்கள் பாட்டனாரின் பெயரே அதில் இருந்தாலும் வியப்பில்லை.

எனினும் ஓர் எச்சரிக்கை அவசியம். பட்டம் கிடைத்துவிட்டதனால் ஆய்வேட்டில் உள்ளதெல்லாம் உண்மையாகிவிடாது. செய்தி வந்தால் அதைத் தீர விசாரிக்குமாறு திருக்குர்ஆனின் 49-ஆவது அத்தியாயம் நமக்குக் கட்டளையிடுகிறது. ஹதீஸ் கலை வல்லுநர்கள் ஒவ்வொரு செய்திக்கும் அறிவிப்பாளர் தொடரைக் கேட்டார்கள். ஆய்வேட்டிடமும் அதையே கேட்க வேண்டும். “இத்தனையாம் நூற்றாண்டில் இப்பள்ளிவாசல் கட்டப்பட்டது” என்று ஒரு வரி இருந்தால், அதன் அடிக்குறிப்பு கல்வெட்டைக் காட்டுகிறதா, அல்லது விழா மலர் ஒன்றைக் காட்டுகிறதா என்று பாருங்கள். ஒரே வாக்கியம் நான்கு ஆய்வேடுகளில் இருப்பதால் நான்கு சான்றுகள் ஆகிவிடா. ஒருவரைப் பார்த்து மற்றவர் எழுதியிருக்கலாம். நம் குடும்பப் பெருமைக்கு ஒத்துவரும் செய்தியை இன்னும் கூடுதலாகவே சோதிக்க வேண்டும். கல்லூரியில் பயிலும் நம் பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லி வைப்போம்: பிறர் எழுதியதைத் தம்முடையதாகக் காட்டுவது அமானிதத்தை மீறுவதாகும். எடுத்தாளும் ஒவ்வொரு வரிக்கும் உரியவரின் பெயரைச் சொல்வது நம் மரபின் அடிப்படை ஒழுக்கம்.

களஞ்சியங்களும் நிலையானவை அல்ல. பிரித்தானியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளைத் தேடித் தந்துகொண்டிருந்த பிரிட்டிஷ் நூலகத்தின் ‘ஈத்தாஸ்’ சேவை, 2023 அக்டோபரில் அந்நூலகத்தின் மீது நடந்த இணையத் தாக்குதலால் முடங்கிப் போயிற்று. அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் தளங்களில் தனிப்படிகள் இருந்ததனால்தான் தேடுவோர் முற்றாகக் கைவிடப்படவில்லை. பயனுள்ள ஏட்டைக் கண்டால் ஒரு படியைச் சேமித்து வைப்பதும், அதன் தலைப்பு, ஆசிரியர், ஆண்டு, பல்கலைக்கழகம் ஆகியவற்றைக் குறித்து வைப்பதும் அறிவுடைமை.

இதைவிடப் பெரிய இழப்பு வேறொன்று. சோத்கங்கா பெரும்பாலும் முனைவர் பட்ட ஏடுகளுக்கானது. ஒரு கடற்கரையூரின் சங்கு வணிகம், ஒரு மதரஸாவின் நூற்றாண்டு, ஒரு தைக்காவின் வரலாறு என்று நம் ஊர்களை நெருங்கி நின்று எழுதியவை பலவும் முதுகலை, எம்.ஃபில். ஏடுகளே. 2022-ஆம் ஆண்டின் ஒழுங்குமுறையோடு எம்.ஃபில். பட்டமே நிறுத்தப்பட்டுவிட்டது. இனி அந்த அலமாரிகளைத் திறக்கும் மாணவர்களும் குறைவார்கள். அவ்வாறு ஆய்வு செய்த அண்ணனோ, மாமாவோ, சாச்சியோ உங்கள் குடும்பத்தில் இருந்தால், அவர்களின் படியை வாங்கி, பக்கம் பக்கமாகப் படமெடுத்து, அவர்கள் இசைவோடு ஊர் நூலகத்திலும் ஜமாஅத் அலுவலகத்திலும் ஒப்படையுங்கள். அவர்கள் சேகரித்த நிகாஹ் பதிவேட்டுக் குறிப்புகளும் பழைய கடிதங்களும் இருந்தால் அவையும் சேரட்டும்.

ஜாபிர் (ரலி) அவர்களுக்கு ஓர் ஒட்டகமும் ஒரு மாதமும் தேவைப்பட்டன. நமக்கு ஒரு கைப்பேசியும், மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடைப்பட்ட நேரமும் போதும். இன்றிரவு உங்கள் பிள்ளையை அருகில் அமர்த்தி, உங்கள் ஊரின் பெயரைத் தேடிப் பாருங்கள். பயனுள்ள கல்வியை அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக. ஆமீன்.