முஸ்லிம் பெண்களின் ஒப்பனையும் அடக்கமும்: ஒரு வரலாற்றுப் பார்வை

இஸ்லாம் பெண்களின் ஒப்பனையை முற்றிலும் தடைசெய்த மார்க்கம் என்ற எண்ணம் பலரிடம் உள்ளது. பள்ளியில் வரலாறு கற்பித்த காலத்தில் மாணவர்கள் இதைக் கேள்வியாகவும் கேட்டிருக்கிறார்கள், தெரிந்த செய்தியாகவும் சொல்லியிருக்கிறார்கள். மூல நூல்களைப் பார்த்தால் வேறொரு சித்திரம் கிடைக்கிறது. கண்மை, மருதாணி, நறுமணம், அணிகலன் ஆகிய நான்கும் தொடக்க கால முஸ்லிம் பெண்களின் அன்றாட வாழ்வில் இருந்தன. யார் முன்னிலையில் அணியலாம், எவ்வளவு அணியலாம், எதைச் செய்தால் அது வரம்பு மீறல் என்பவை பற்றியே விவாதங்கள் நடந்தன.

குர்ஆன் வசனமும் விளக்கமும்

இந்த விவாதத்தின் அடிப்படை குர்ஆனின் 24 ஆம் அத்தியாயம், 31 ஆம் வசனம். இது பெண்கள் தங்கள் அலங்காரத்தை, தானாக வெளியே தெரிவதைத் தவிர, வெளிக்காட்டக் கூடாது என்கிறது. தலைத்துணியை மார்பின்மேல் போட்டுக்கொள்ளவும் சொல்கிறது. பின்னர் கணவன், தந்தை, மாமனார், மகன்கள், சகோதரர்கள், அவர்களின் பிள்ளைகள் என்று விலக்குப் பெற்றவர்களை வரிசைப்படுத்துகிறது. மறைத்திருக்கும் அணிகலன் தெரியும்படி காலைத் தட்டி நடக்க வேண்டாம் என்றும் கூறுகிறது. காலில் தண்டை போட்டிருந்த பெண்களுக்குத்தானே இப்படிச் சொல்ல முடியும்!

‘தானாக வெளியே தெரிவது’ எது? நபித்தோழர் இப்னு மஸ்ஊத் அது மேலாடை என்றார். இப்னு அப்பாஸ் முகமும் கைகளும் என்றார்; கண்மையும் மோதிரமும் அதில் அடங்கும் என்றும் அவர் சொன்னதாக அறிவிப்புகள் உண்டு. 923 இல் இறந்த வரலாற்றாசிரியரும் விரிவுரையாளருமான தபரி இரு கருத்துகளையும் எடுத்துக்காட்டிவிட்டு இரண்டாவதையே வலுவானதாகக் கொண்டார். கண்மை, மோதிரம், வளையல், கைச்சாயம் ஆகியவற்றையும் அதில் சேர்த்தார். பிற்கால அறிஞர் பலர் இதை ஏற்கவில்லை. பெண் முகத்தை மூட வேண்டுமா என்று இன்றும் நடக்கும் வாதம் இந்த ஒரு சொற்றொடரிலிருந்து கிளைத்ததே.

பெண்களின் குரல்

ஹதீஸ் தொகுப்புகளில் இத்துறை பற்றிய செய்திகள் பல பெண்கள் வழியாக வந்தவை. கணவனை இழந்த பெண் நான்கு மாதம் பத்து நாள் ‘இத்தா’ இருக்க வேண்டும். அந்நாட்களில் கண்மை, நறுமணம், சாயமேற்றிய ஆடை ஆகியவை கூடாது. மற்ற உறவினருக்காக மூன்று நாளுக்கு மேல் துக்கம் கூடாது. நபிகள் நாயகத்தின் மனைவி உம்மு ஹபீபா, தம் தந்தை அபூசுஃப்யான் இறந்தபின் நறுமணப் பொருளை வரவழைத்துப் பூசிக்கொண்டார். தமக்கு இதில் நாட்டமில்லை என்றும், இந்த விதிக்காகவே செய்வதாகவும் விளக்கினார். ஒப்பனையை விடுவது துக்கத்தின் அடையாளம் என்றால், அதை மீண்டும் தொடங்குவது துக்கம் முடிந்ததன் அடையாளம்.

இன்னொரு நிகழ்ச்சி புகாரி, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் உள்ளது. பச்சை குத்துதல், முகத்து முடியைப் பிடுங்குதல், அழகுக்காகப் பற்களிடையே இடைவெளி உண்டாக்குதல் ஆகியவற்றை இப்னு மஸ்ஊத் கண்டித்தார். பனூ அஸத் குலத்தைச் சேர்ந்த உம்மு யஃகூப் என்ற பெண் அவரிடம் நேரே சென்றார். குர்ஆன் முழுவதும் படித்தும் இந்தக் கண்டனத்தைக் காணவில்லை என்றார். நபி தருவதை ஏற்று, அவர் விலக்குவதை விட்டுவிடச் சொல்லும் வசனத்தை (59:7) இப்னு மஸ்ஊத் காட்டினார். அவர் விடவில்லை, உங்கள் மனைவியே இதைச் செய்கிறார் போலிருக்கிறதே என்றார். போய்ப் பாருங்கள் என்றார் இப்னு மஸ்ஊத். உம்மு யஃகூப் உள்ளே போய்ப் பார்த்தார். அப்படி எதுவும் இல்லை. அறிஞரின் வீட்டுக்குள் நுழைந்து சரிபார்த்த இந்தப் பெண்ணைப் பாடநூல்கள் ஏனோ கண்டுகொள்வதில்லை.

ஒட்டுமுடி வைப்பதற்கும் இத்தகைய கண்டனம் உண்டு. கலீபா முஆவியா ஹஜ் செய்த ஆண்டில் மதீனாப் பள்ளிவாசல் மேடையில் நின்று, கையில் ஒரு முடிக்கற்றையை உயர்த்திக் காட்டி, உங்கள் அறிஞர்கள் எங்கே போனார்கள் என்று கேட்டார். கண்டனம் இருந்தும் வழக்கம் நிற்கவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

பக்தாதும் கொர்தோபாவும்

அப்பாசியர் காலத்தில் அரண்மனைப் பெண்கள் நாகரிகத்தின் முன்னோடிகளாயினர். கலீபா மஹ்தியின் மகளும் கவிஞருமான உலய்யா, தம் நெற்றியிலிருந்த குறையை மறைக்க மணிகள் பதித்த பட்டை ஒன்றை அணிந்தார். அது மற்றப் பெண்களிடமும் பரவியது. அந்தலூசியாவில் கொர்தோபா அருகே வாழ்ந்த மருத்துவர் ஸஹ்ராவி, 30 பகுதிகள் கொண்ட ‘தஸ்ரீஃப்’ நூலின் 19 ஆம் பகுதியை நறுமணத்துக்கும் அழகுப் பொருள்களுக்கும் ஒதுக்கினார். உதட்டுச் சாயத்தைக் கண்டுபிடித்தவரே அவர்தான் என்று இணையத்தில் எழுதுகிறார்கள். நறுமணக் குச்சிகள் பற்றிய ஒரு குறிப்பை வைத்துக்கொண்டு அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை.

சுர்மா பற்றி ஓர் எச்சரிக்கை அவசியம். நபிமொழிகள் புகழும் ‘இஸ்மித்’ பொதுவாக அஞ்சனக்கல், அதாவது ஆன்டிமனி சல்பைடு எனக் கொள்ளப்படுகிறது. கடைகளில் சுர்மா என்ற பெயரில் விற்றவற்றை ஆய்வு செய்தபோது பலவற்றில் இருந்தது ஈய சல்பைடு. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இத்தகைய கண்மையை அனுமதிப்பதில்லை. பிறந்த குழந்தைக்குச் சுர்மா இடும் வழக்கமுள்ள குடும்பங்கள் இதை அறிந்திருக்க வேண்டும்.

தமிழகக் கடற்கரை ஊர்களான கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் முஸ்லிம் பெண்கள் சேலைக்கு மேல் வெள்ளைத் துப்பட்டி போர்த்தி வெளியே சென்றனர். கறுப்பு அங்கி பரவலானது பின்னரே. திருமணத்துக்கு முன் மருதாணி இடுவது இங்கும் உண்டு.

அரசுகளும் சந்தையும்

20 ஆம் நூற்றாண்டில் பெண்ணின் தோற்றத்தில் அரசுகள் நேரடியாகத் தலையிட்டன. ஈரானில் ரெசா ஷா 1936 இல் முக்காட்டைத் தடைசெய்தார். காவலர்கள் தெருவில் பெண்களின் தலைத்துணியைப் பறித்தனர். 1979 புரட்சிக்குப் பின் நிலைமை நேர்மாறானது. 1983 இல் தலை மூடாத பெண்ணுக்கு 74 வரை கசையடி என்று சட்டம் வந்தது. இரு முறையும் பெண்ணை யாரும் கேட்கவில்லை.

சந்தை வேறு வழியில் வந்தது. இந்தோனேசியாவில் நூர்ஹயாத்தி சுபகத் என்ற மருந்தியலாளர் 1995 இல் ‘வர்தா’ என்ற ஹலால் ஒப்பனைப் பொருள்களைத் தொடங்கினார். மலேசியா 2008 இல் இவற்றுக்கெனத் தர விதிகளை வெளியிட்டது. பன்றிக் கொழுப்பிலிருந்து வரும் பொருள்கள் சேர்ந்துள்ளனவா என்பதே இங்கு முதன்மைக் கேள்வி.

நகப்பூச்சுக்குக் கேள்வி வேறு. தொழுகைக்கு முன் செய்யும் உளூவில் நகத்தில் தண்ணீர் பட வேண்டும். மருதாணி நிறத்தை மட்டும் ஏற்றுகிறது. நகப்பூச்சோ படலமாகப் படிந்து தண்ணீரைத் தடுக்கிறது. 2010களில் போலந்தின் இங்லாட் நிறுவனம் நீராவி ஊடுருவும் பூச்சு ஒன்றை விற்றபோது சில அறிஞர்கள் ஏற்றனர். நீராவி ஊடுருவுவதும் தண்ணீர் நனைப்பதும் ஒன்றல்ல என்று மற்றவர்கள் மறுத்தனர். பல பெண்கள் தொழுகைக் கடமை இல்லாத மாதவிடாய் நாட்களில் நகப்பூச்சு இட்டு, பின்னர் அழித்துவிடுகிறார்கள்.