கறுப்புத் திரை பழுதல்ல

"சேர், இதுவும் பழுதாப் பெய்த்து போல."

நேற்று கணினி அறையில் தரம் 9 பிள்ளை ஒருத்தி சொன்னது இது. முன்னால் கறுப்புத் திரை. மேல் மூலையில் 'லொகின்' என்று ஒரு வெள்ளை வரி, பக்கத்தில் சிமிட்டிக்கொண்டிருக்கும் சின்னக் கோடு. "பழுதில்ல மகள், நான்தான் இப்பிடி ஆக்கி வெச்சன்" என்றேன். அவள் நம்பவில்லை. வகுப்பில் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன், பெற்றோரும் வாசிக்கட்டும்.

எங்கள் அறையில் 8 பழைய கணினிகள் பாவனைக்குதவாத பொருட்களின் பட்டியலுக்குப் போகக் காத்திருக்கின்றன. ஒவ்வொன்றிலும் 512 மெகாபைட் நினைவகம். படத்திரையோடு தொடங்கினால் ஒரு பாடவேளையில் பாதி அதற்கே போய்விடும். எழுத்துத் திரையோடு தொடங்கினால் பிள்ளை கதிரையை இழுத்து உட்காரும் முன்பே தயாராகிவிடுகிறது.

இந்த எழுத்துத் திரை எங்கிருந்து வந்தது? 1969 இல் பெல் ஆய்வுகூடத்தில் கென் தொம்சனும் டெனிஸ் ரிச்சியும் யுனிக்ஸைத் தொடங்கிய காலத்தில், கணினியோடு பேச அதிகம் பயன்பட்டது டெலிடைப். தந்தி அலுவலகத் தட்டச்சுப் பொறிக்கு அது சொந்தக்காரன். 1963 இல் வந்த மொடல் 33 செக்கனுக்கு 10 எழுத்துத்தான் கடதாசியில் அடிக்கும். அந்த வேகத்தில் யார் நீளமாக எழுதுவார்? யுனிக்ஸ் கட்டளைகள் எல்எஸ், சிபி, ஆர்எம் என்று இரண்டெழுத்தில் நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம். இன்றும் லினக்ஸ் தன் எழுத்துத் திரையை 'டிடிவை' என்றே அழைக்கிறது. டெலிடைப்பின் சுருக்கம்தான் அது. பொறி போய்விட்டது, பெயர் இருக்கிறது.

1981 இல் ஐபிஎம் பிசி வந்தபோது திரையில் 80 எழுத்து அகலம், 25 வரி. அந்த 80 ஐபிஎம்மின் 1928 ஆம் ஆண்டுத் துளை அட்டையிலும் இருந்த எண். 80 ஐ 25 ஆல் பெருக்குங்கள், 2000 எழுத்து. ஓர் எழுத்துக்கு 2 பைட் என்றால் முழுத்திரைக்கும் 4000 பைட் போதும். இன்றைய 1024 க்கு 768 படத்திரை ஒன்றுக்கு 30 இலட்சம் பைட்டுக்கு மேல் வேண்டும். பழைய கணினி மூச்சு வாங்குவது ஏன் என்று இப்போது விளங்கும்.

விண்டோஸ் 3.1 காலத்தில் கணினி முதலில் டொஸ் திரையில்தான் வந்து நிற்கும், 'வின்' என்று அடித்தால்தான் படம் வரும். இதை வாசிக்கும் மூத்தவர்கள் சிலர் அடித்திருப்பீர்கள். 1995 இல் வந்த விண்டோஸ் நேரே படத்துக்குப் போனது. அதிலும் எம்எஸ்டொஸ்.சிஸ் என்ற கோப்பில் 'பூட்ஜியுஐ' என்ற இடத்தில் 1 ஐ 0 ஆக்கினால் எழுத்துத் திரை திரும்பிவிடும்.

லினக்ஸ் அந்தக் கதவை மூடவேயில்லை. ரெட் ஹெட் வழி வந்தவற்றில் 'இனிட்டெப்' கோப்பில் ஒரு எண் இருக்கும்: 5 என்றால் படம், 3 என்றால் எழுத்து. 2010 இல் சிஸ்டம்டி அறிமுகமான பிறகு எண்ணுக்குப் பதில் பெயர் வந்தது. நான் செய்தது ஒரு வரி: 'சிஸ்டம்சிடிஎல் செட்-டிபோல்ட் மல்டி-யூசர்.டார்கெட்'. படம் திரும்ப வேண்டுமென்றால் கடைசியில் 'கிராபிக்கல்.டார்கெட்'. ஒருமுறை மட்டும் போதுமென்றால் கிரப் பட்டியலில் 'ஈ' விசையை அழுத்தி, 'லினக்ஸ்' என்று தொடங்கும் வரியின் முடிவில் இடைவெளி விட்டு 3 என்று சேர்த்துத் தொடங்கலாம். படத்திரை வராமல் தொங்கிப்போன கணினியிலிருந்து புள்ளிப்பட்டியலை நான் மீட்டது இந்த 3 ஆல்தான்.

இவ்வளவும் சொல்லி முடித்து, பெருமையோடு ஒரு கோப்பைத் திறந்து காட்டினேன். அதில் பிள்ளைகளின் பெயர்கள் தமிழில் இருந்தன. திரையில் வந்ததோ வெறும் கட்டங்கள்.

"ஏன் சேர் நம்மட எழுத்து வராது?"

1963 இல் ஆஸ்கி வந்தபோது அதில் 128 இடம்தான், ஆங்கிலத்துக்கே அளவெடுத்தது. தமிழுக்கு யுனிகோட்டில் இடம் கிடைத்தது 1991 இல். ஆனால் லினக்ஸின் எழுத்துத் திரை இன்றும் 512 வடிவங்களுக்கு மேல் தாங்காது. அதைவிடப் பெரிய சிக்கல் அடுக்குவதில். ஒரு குறியீட்டை அடுத்து இன்னொன்று என்று பெட்டி பெட்டியாகத்தான் அது வைக்கும். 'கொ' என்ற எழுத்தில் ஒரு பாதி 'க'வுக்கு முன்னால் போய் நிற்க வேண்டும் என்று அதற்குத் தெரியாது. கோப்புக்குள் பெயர் சரியாகத்தான் இருக்கிறது. என் மடிக்கணினியில் திறந்து காட்டிய பிறகுதான் பிள்ளைகளின் முகம் தெளிந்தது.

ஆகவே தமிழில் எழுத இந்தக் கணினிகள் உதவா. பைதன் படிக்க நன்றாகவே உதவும். பட்டியலை வியாழன் வரை அனுப்பாமல் வைத்திருக்க அதிபர் சம்மதித்திருக்கிறார். 8 இல் 6 ஓடுகின்றன. மற்ற இரண்டுக்கும் வட்ட முனை கொண்ட பழைய விசைப்பலகை வேண்டும், யாருடைய வீட்டிலாவது கிடந்தால் பாடசாலை வாயிலில் கொடுத்துவிடுங்கள்.